பதினேழாம் குட்டியின் நேரம்

என் மருமகள் பதிவேட்டில் பொய் எழுதினாள் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்த காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

"உங்களையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க மாமா. அதனால நீங்களும் ஒரு பார்வை பார்த்துருங்க."

பாதி முகத்தில் நுரையோடு நின்று முழுவதையும் படித்தேன். கடற்புல் திட்டத்தின் இருபத்திரண்டு தலைமுறைப் பதிவுகளில் வேண்டுமென்றே மாற்றம் செய்யப்பட்டிருப்பதாகச் சந்தேகம். பொறுப்பாளர் கோகிலவாணி ரெமிஜியுஸ் வில்லவராயர் குழுவின் முன் விளக்கம் தர வேண்டும். பதிவேடு எழுதியவர் என்ற முறையில் கஸ்பார் வில்லவராயரும் வர வேண்டும். குற்றம் உறுதியானால் திட்டம் மூடப்படும். பொறுப்பாளர் இனி எந்த ஆராய்ச்சியிலும் இடம்பெற முடியாது.

எங்கள் வீட்டுப் பெயரை அப்படி ஒரு காகிதத்தில் நான் பார்த்ததில்லை. என் தகப்பனார் மணல்துறையின் பட்டங்கட்டி, அதாவது ஊர்த்தலைவர். கரைக்கு மீன்பிடி வள்ளங்கள் வந்த நேரத்தை அவர் சொன்னால் அதுதான் நேரம். நான் துறைமுகத்தின் சிக்னல் நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கப்பல்களின் வரவையும் போக்கையும் எழுதியவன். ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. என் ஒரே மகன் ரெமிஜியுஸ் எங்களை மீறிச் செய்த காரியம் ஒன்றுதான். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேறு சாதியில், வேறு மதத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிடாமல் திரும்பினேன்.

ரெமி டெங்குக் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகிறது. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் இவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அவனும் அவளும் சேர்ந்து தொடங்கிய வேலை இங்கே கடலில் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தோம். நான் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தேவைப்பட்டால் "டாக்டரம்மா" என்பேன். தெருவில் அவளுக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பேன்.

அந்த வேலையை அவள் எனக்கு முதன்முதலாக விளக்கியது படகுத்துறையில் வைத்துத்தான். முழங்கை நீளத்தில், மீன் வடிவத்தில், முதுகில் எண் எழுதிய இயந்திரங்கள் வரிசையாகக் கிடந்தன. வேலையாட்கள் அவற்றைக் குட்டிகள் என்றார்கள்.

"நாப்பத்தெட்டு இருக்குதுங்க மாமா. கடலடியில புல்லு அழிஞ்ச இடமெல்லாம் போயி நட்டுட்டு வரோணும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சின்னதா ஒரு மூளை. இப்படி நீந்து, இப்படித் திரும்புன்னு யாரும் சொல்லிக்குடுக்கலீங்க. முதல்ல எல்லாம் தாறுமாறாத்தான் ஓடும்."

"பொறவு?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கணக்குப் பார்ப்போம். புல்லை நட்டுட்டு முந்தி வந்து சேர்ந்தது எதுன்னு. முதல் பன்னெண்டோட மூளையை ரெண்டு ரெண்டாக் கலந்து, அங்கங்க கொஞ்சமா மாத்தி, மத்த முப்பத்தாறுக்கும் வச்சிருவோம். உடம்பு அதேதானுங்க. மூளை மட்டும் அடுத்த தலைமுறை."

"அந்த முப்பத்தாறோட பழைய மூளை?"

"அழிஞ்சு போயிருமுங்க."

"அப்ப நேரம் எழுதுறவன்தான் கல்யாணத் தரகன்."

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நேரம் குறிக்கும் கருவியை மூன்று முறை பொருத்தினார்கள். மூன்றையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. நாலாவது வரும்வரை கையால் எழுத ஆள் தேவைப்பட்டது. சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டாள். நான் ஒரு நாள் யோசித்துவிட்டு, துறைக்குப் போய், "எந்த வழக்கப்படி எழுதணும்?" என்று கேட்டேன். அவள் ஒரு குட்டியின் வயிற்றுக்குள் ஸ்பானரை விட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நீங்க எழுதுற வழக்கப்படியே எழுதுங்க மாமா," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குத் துறையில் என் நாற்காலி போடப்பட்டது. சலவைச் சட்டை, கைக்கடிகாரம், பதிவேடு. குட்டிகள் ஒவ்வொன்றாக மூக்கை நீட்டிக்கொண்டு துறையோரத் தளத்தில் வந்து ஒட்டும். எண்ணைப் பார்த்து எழுதுவேன். படகோட்டி சூசைமரியான் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். ஐம்பது வயதாகிறது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"பெரியப்பா, இதுகளுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா? எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டா செயிலு மாதிரியில்லா இருக்கு."

"ஒம் படகுக்குப் பேரு வச்சியே, அது என்ன லட்சணத்துல ஓடுதுன்னு பார்த்தேன். போ லே."

மூன்றாம் தலைமுறையில் ஒரு நாள் பதினேழாம் குட்டி வரவில்லை. முப்பத்தொன்றும் வரவில்லை. மற்றவை எல்லாம் வந்து ஒரு மணி நேரம் கழித்து, பதினேழு தெரிந்தது. மின்சாரம் தீர்ந்து மிதந்த முப்பத்தொன்றை மூக்கால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. ஓடிவந்து பார்த்த மருமகள், அது தன் சகாவைத் தளம் என்று தவறாக நினைத்து ஒட்டப் பார்த்திருக்கிறது, ஒட்ட முடியாமல் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். இருக்கலாம். நான் பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் அப்படித் தள்ளிக்கொண்டு வருவது அடிக்கடி நடந்தது. பிறகு இரண்டு சேர்ந்து ஒன்றைத் தள்ளின. பதினைந்தாம் தலைமுறையில் குட்டிகள் துறை வாய்க்கு வெளியே வட்டமடிக்கத் தொடங்கின. கடைசிக் குட்டி கண்ணில் பட்ட பிறகுதான் உள்ளே வந்தன. எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்தேன்.

நான் எழுதியதைக் கணினியில் ஏற்றும்போது அவள்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று நினைத்து, கடிதம் வந்த அன்று மாலை அவளைக் கூடத்துக்கு அழைத்தேன். ரெமியின் படத்துக்குக் கீழே நின்றாள்.

"டாக்டரம்மா, ஒரே கேள்விதான். பதிவுல தப்பு இருக்கா?"

"இருக்குதுங்க மாமா."

"யாரு பொறுப்பு?"

"பொறுப்பு என்னுதுங்க."

நான் எதிர்பார்த்தது மறுப்பு. ஒரு பொய்யாவது சொல்வாள், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். எதுவும் கிடைக்காத கோபத்தில் எழுந்தேன்.

"அப்ப ஒண்ணு செய்ங்க. விசாரணைக்கு முந்தி உங்க பேருக்குப் பின்னால இருக்குற எங்க வீட்டுப் பேரை எடுத்துருங்க. எம் மகன் பேரு இருக்கட்டும், அது அவன் குடுத்தது. வில்லவராயர்ங்கிறது எங்க அப்பா சம்பாதிச்சது."

அவள் ரெமியின் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சரிங்க மாமா," என்றாள். "தோசை வார்க்கட்டுங்களா?"

அன்று தோசை வழக்கம்போல முறுகலாகவே இருந்தது. அவள் பிறகு சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் துறையின் தகரக் கொட்டகையில் விசாரணை நடந்தது. சென்னையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவர் டாக்டர் வேதவல்லி என்கிற அம்மாள். அறுபது வயது இருக்கும், நிதானமான பேச்சு. மற்ற இரண்டு இளைஞர்களும் மடிக்கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருமகள் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"எங்க சந்தேகம் இதுதான்," என்றார் வேதவல்லி. "இதே ஆரம்ப மூளைகள், இதே விதி. சென்னையில கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடலை உண்டாக்கி ஓட்டிப் பார்த்தோம். அங்க இருபது தலைமுறையில குட்டிகள் வேகமாச்சு. தனித்தனியா போகும், நட்டுட்டு தனித்தனியா ஓடி வரும். ஒண்ணு நின்னு போனா இன்னொண்ணு திரும்பிக்கூடப் பார்க்காது. இங்க என்னன்னா ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்குது. தள்ளிக்கிட்டு வருது. நட்ட புல் மூணுல ஒரு பங்கு குறைவு. முந்தி வர்றதை மட்டும் தேர்ந்தெடுத்தா இந்தக் குணம் வரவே வராது. யாரோ பிந்தி வந்ததை முந்தி வந்ததா காட்டியிருக்காங்க."

"உங்க கம்ப்யூட்டர் கடல்ல எத்தனை தொலைஞ்சுதுங்க மேடம்?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒரு பருவத்துக்குப் பதினொண்ணு."

"இங்க அஞ்சாம் தலைமுறைக்கு அப்புறம் ஒண்ணுகூடத் தொலையலீங்க."

"அது வேற கேள்வி, வாணி. நல்ல முடிவு வந்தாலும் பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான்."

இந்த அம்மாள் சொல்வது சரி என்றே எனக்குப் பட்டது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

இளைஞர்களில் ஒருவன் பெரிய திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினான். "இங்கிருந்துதான் ஆரம்பிக்குது. மூன்றாம் தலைமுறை. இப்ப எடுத்துப் பார்த்த சாட்டிலைட் கணக்குப்படி பதினேழாம் குட்டி தளத்துக்கு வந்தது ஆறு நாப்பது. பதிவேட்டுல அஞ்சு பத்து. அன்னைக்கு முதல்ல வந்த குட்டியோட நேரத்தை அப்படியே போட்டிருக்கு. இந்த மாதிரி அறுபத்தொரு இடம்."

திரையில் இருந்த ஐந்தின் தலையில் சிறிய கொக்கி இருந்தது. பத்தில் ஒன்றுக்கு அடியில் கோடு இருந்தது. சிக்னல் நிலையத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் பழகிக்கொண்ட எழுத்து அது.

எழுந்தேன். நாற்காலி சுவரில் இடித்தது.

"அது என் கையெழுத்து."

"தெரியும் சார். நீங்க எழுதினதை மேல இருந்து யாராவது..."

"யாரும் எதுவும் சொல்லல. ஆறு நாப்பதுக்கு வந்த குட்டிக்கு அஞ்சு பத்துன்னு எழுதினது நான். வேணும்னே எழுதினேன். அறுபத்தொண்ணும் நான் எழுதினது."

வேதவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார்?"

இதை ஒருவருக்கு விளக்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"எங்க கரையில மீன் ஏலம் நடக்கும்மா. முதல்ல வர்ற வள்ளத்துக்கு நல்ல விலை. கடைசி வள்ளத்துக்குக் கழிவு விலை. நடுக்கடல்ல ஒருத்தன் பாய் கிழிஞ்சு நிக்கான்னா, அவனை இழுத்துட்டு வர்றவன் கடைசியாத்தான் கரை ஏறுவான். அவனுக்கு ஏலம் போச்சுன்னா அடுத்த தடவை எவன் இழுப்பான்? அதனால எங்க அப்பா காலத்துக்கு முன்னாலேருந்து ஒரு வழக்கம். இழுத்துட்டு வர்ற வள்ளத்துக்கு, அன்னைக்கு முதல்ல வந்த வள்ளத்தோட நேரத்தைத்தான் எழுதணும். ஏலத்துல முதல் முறை அவனுக்கு. கடைசி வள்ளம் வராம ஏட்டையும் மூடக்கூடாது."

"துறைமுகத்துலயும் இப்படியா எழுதினீங்க?"

"துறைமுகத்துல கப்பல் நேரம் கப்பல் நேரம். அது சர்க்கார் ஏடு. இதுக எங்க கரையிலேருந்து போயிட்டு எங்க கரைக்கு வருது. எந்த வழக்கப்படி எழுதணும்னு கேட்டேன். நீங்க எழுதுற வழக்கப்படின்னு சொன்னாங்க. எழுதினேன். அது பொய்னு எனக்கு இந்த நிமிசம் வரைக்கும் தோணல."

இளைஞன் முதல்முறையாக மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தான். "அப்போ இது தானா வந்த குணம் இல்ல. நீங்க ஊட்டினது."

"எந்தக் குணம் தம்பி தானா வந்திருக்கு?"

வேதவல்லி மருமகளின் பக்கம் திரும்பினார். "உனக்கு இது எப்பத் தெரியும், வாணி?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏழாம் தலைமுறையில தெரிஞ்சுதுங்க மேடம். அன்னைலேருந்து குட்டிகளோட மின்சாரக் கணக்கை வச்சு உண்மையான நேரத்தைத் தனியா எழுதியிருக்கறேன். ஒரு நாளும் விடலீங்க. இது முந்தி வர்றதுக்கான சோதனை இல்ல, இழுத்துட்டு வர்றதுக்கான சோதனையாயிருச்சுன்னு முதல் பக்கத்துலயே எழுதி வச்சிருக்குது. உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கோணும். சொல்லாதது என் தப்புங்க."

வேதவல்லி பக்கங்களைப் புரட்டினார். "இதை முதல் நாளே அனுப்பியிருந்தா இந்த விசாரணையே வந்திருக்காதே அம்மா. இன்னைக்கு வந்து உக்கார்ந்தும் எடுக்கலையே?"

"எடுத்திருந்தா மாமா எழுதுனது தப்புன்னு நான் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அப்பா எழுதின நேரத்தை இதுவரைக்கும் யாரும் திருத்தினதில்லைன்னு அவரு அடிக்கடி சொல்லுவாரு." அவரு என்றது ரெமியை. "இப்ப மாமாவே சொல்லிட்டாருங்க. இனி குடுக்கலாம்."

நோட்டு மூடிய நிலையில் என் பக்கம் வந்தது. அட்டையில் பழைய மையில் அவள் பெயர் இருந்தது. கோகிலவாணி ரெமிஜியுஸ். அதற்கு அடுத்த சொல்லின்மேல், அளவுகோல் வைத்து, ஒரே ஒரு நேர்கோடு புதிதாக இழுக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தன.

நான் ரொம்ப நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

முடிவை வேதவல்லி அங்கேயே சொன்னார். பொய்ப் பதிவு என்ற குற்றம் நீங்கிற்று. தாமதமாகத் தெரிவித்ததற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் உண்டு. ஆனால் திட்டம் புல் நடுவதற்கானது; திங்கட்கிழமை எல்லா மூளைகளையும் அழித்துவிட்டு, புதிய கருவி வைத்து, முதல் தலைமுறையிலிருந்து தொடங்க வேண்டும்.

மருமகள் தலையசைத்தாள். அழிப்பது என்ற சொல் வந்தபோது மட்டும் அவள் விரல்கள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டன. அந்த மூளைகளுக்கு மூலமான முதல் நாற்பத்தெட்டும் ரெமியும் அவளும் சேர்ந்து உண்டாக்கியவை.

அப்போது மணி ஐந்தேகால். குட்டிகள் திரும்பும் நேரம். எல்லோரும் துறைக்கு வந்தோம். குட்டிகள் துறையின் வாய்க்கு வெளியே வட்டமடித்துக்கொண்டிருந்தன. நான் பழக்கத்தில் எண்ணினேன். நாற்பத்தைந்து.

"எல்லாத்தையும் உள்ளே கூப்பிடுங்க. எனக்கு எட்டு மணிக்கு ரயில்," என்றார் வேதவல்லி.

மருமகள் அழைப்புக் குறியைக் கொடுத்தாள். நாற்பத்தைந்தும் ஒரு முறை துறையின் பக்கம் திரும்பின. பிறகு மறுபடி வட்டமடித்தன.

"கட்டளையை மீறுதா?" என்று இளைஞன் கேட்டான்.

"மீறலீங்க. கூப்பிட்டா எப்ப வரோணும்னு அதுகளே முடிவு பண்ணிக்கும். அப்படித்தான் விட்டிருக்கோம்."

"தம்பி, உக்காரும்," என்றான் சூசைமரியான். "வள்ளம் பாக்கியிருக்கு. பெரியப்பா ஏட்டை மூடமாட்டாக. நீரு ரயிலைத்தான் பிந்தி வரச் சொல்லணும்."

ஆறு மணி ஆயிற்று. வெயில் இறங்கித் தண்ணீர் செம்பு நிறமானது. ஆறு இருபத்தைந்துக்குத் தெற்கே நீர்ப்பரப்பில் ஒரு நெளிவு தெரிந்தது. ஒன்பதாம் குட்டி, கிழிந்த வலைத்துண்டில் சுற்றிக்கொண்டு, செத்ததுபோல் மிதந்து வந்தது. அதன் இரண்டு பக்கமும் பதினேழும் நாற்பதும். வட்டமடித்தவை விலகி வழிவிட்டன. அந்த மூன்றும் முதலில் தளத்தில் ஒட்டின. அதன் பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

வேதவல்லி கரையின் விளிம்பில் குனிந்து பதினேழின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். ரயிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்து, "திங்கட்கிழமை அழிக்கத்தான் வேணும், வாணி. விதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல," என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி நாப்பத்தெட்டுக்கும் ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பு. உன் நோட்டோட. மீட்புப் படகு வேலை பார்க்கிறவங்க சிலரை எனக்குத் தெரியும்."

பதிவேட்டை எடுத்தேன். பதினேழுக்கு நேராக 6.41 என்று எழுதினேன். பிறகு பின்னால் புரட்டி, மூன்றாம் தலைமுறைப் பக்கத்தில் 5.10 என்பதன்மேல் கோடு இழுத்து, 6.40 என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். மற்ற அறுபதையும் குழுவின் பட்டியலைப் பார்த்து அப்படியே. முடித்தபோது சூசைமரியான் வாயைத் திறக்காமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் 'பொறுப்பாளர்' என்ற இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அங்கே அவள் கையெழுத்துப் போட வேண்டும். நான் அச்செழுத்துப்போல அழுத்தி எழுதினேன்: கோகிலவாணி ரெமிஜியுஸ் வில்லவராயர். பதிவேட்டை அவளிடம் நீட்டினேன். படித்தாள். அதற்கு மேலே கையெழுத்திட்டாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். நான் வழக்கம்போல முன்னால் நடந்தேன். மாதா கோயில் திருப்பத்தில் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்று திரும்பினேன். தோளில் துணிப்பை, ஒரு கையில் என் நாற்காலி, மறு கையில் ஒன்பதாம் குட்டியிலிருந்து அறுத்தெடுத்த வலைத்துண்டு. மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

நின்றேன்.

அவள் அருகில் வந்ததும் அவளும் நின்றுவிட்டாள். நான் முன்னால் போக வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏனுங்க மாமா, கால் வலிக்குதுங்களா?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. நாற்காலியை இங்க குடு," என்றேன். "சேர்ந்து போவோம், வாம்மா வாணி."